கம்ப்யூட்டரில் இல்லாத வண்டித்தடம்

பரீட்சை முடிந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தலைப்பு கொஞ்சம் வறட்சியானதுதான்: அரசாங்கம் தன்னுடைய மின்னணு ஆவணங்களை எப்படிப் பாதுகாக்கிறது, எப்படிப் பாதுகாக்க வேண்டும். "ஐயோ, இதெல்லாம் எதுக்கு எங்களுக்கு?" என்று ஓடிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு சென்ட் நிலமாவது இருந்தால் இது உங்கள் கதையும்தான்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. எங்களுக்குக் காங்கயம் பக்கம் தோட்டம். அப்பாருவோடு பிறந்தவர்கள் மூன்று பேர். 1964ல் பாகம் பிரித்தார்கள். கிணறு பொதுவில் இருந்தது. ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, முறை வைத்துத் தண்ணீர் எடுப்பது என்று ஏற்பாடு. எங்கள் காட்டிலிருந்து அந்தக் கிணற்றுக்குப் போக சின்ன அப்பாருவின் காட்டு ஓரமாக ஒரு வண்டித்தடம். அறுபது வருடமாக மாடும் வண்டியும் பிறகு டிராக்டரும் அதில்தான் போய்வந்தன.

இரண்டு வருடம் முன்பு சின்ன அப்பாரு வீட்டார் தங்கள் பாகத்தைத் திருப்பூர்க்காரர் ஒருவருக்கு விற்றார்கள். அவர் நல்ல மனிதர். வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருக்கிறார். இணையத்தில் பட்டா எடுத்தார், புலப்படம் எடுத்தார், வில்லங்கச் சான்று போட்டார். எதிலும் தடம் என்று ஒன்று இல்லை. கம்பி வேலி போட்டுவிட்டார். எங்கள் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சும் வழி அடைந்து போனது.

அப்பாரு கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "ஏங்கண்ணு, கம்ப்யூட்டர்ல நம்ம தடமே இல்லீங்கறாங்களே... அப்ப அறுவது வருசமா நான் ஆகாசத்துலயா போயிட்டு வந்தேன்?"

சிரிப்பாக இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. பதிலைத் தேடியபோது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டாவில் என்னென்ன இருக்கும்? உரிமையாளர் பெயர், புல எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, பரப்பு எத்தனை ஹெக்டேர் எத்தனை ஏர், தீர்வை எவ்வளவு. குறிப்புரை என்று ஒரு பத்தியும் உண்டு, ஆனால் அதில் பெரும்பாலும் உத்தரவு எண்ணும் தேதியும்தான் இருக்கும். பட்டா என்பது அடிப்படையில் வரி வாங்குவதற்கான கணக்கு. யார் வழியாக யார் நடக்கலாம் என்பது அதன் வேலை இல்லை. அது பாகப்பத்திரத்தில் இருக்கும். "வண்டித்தட பாத்தியம்", "கிணற்றில் பொதுவில் பாகம்" என்றெல்லாம் நம் ஊர்ப் பத்திரங்களில் எழுதுவார்களே, அதுதான்.

அப்படியானால் பேப்பர் காலத்திலும் பட்டாவில் தடம் இல்லைதானே? ஆமாம், இல்லைதான். ஆனால் அன்றைக்கு ஊர்க் கணக்குப்பிள்ளை இருந்தார், மணியகாரர் இருந்தார். தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை 1980ல் ஒழித்தார்கள். பிறகுதான் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பரம்பரைப் பதவியில் ஆயிரம் அநியாயம் இருந்தது, அதை ஒழித்தது சரிதான். ஆனால் யார் காட்டு வழியாக யார் வண்டி போகும் என்பது அந்த மனிதர்கள் தலைக்குள் இருந்தது. பதிவேடும் மனிதரும் சேர்ந்துதான் ஆவணம் முழுமையாக இருந்தது. கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது பதிவேட்டை மட்டும் ஏற்றினார்கள். மனிதரை ஏற்ற முடியாது இல்லையா!

அந்தப் பதிவேடுமே எப்படிப்பட்டது? 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஊரில் "யுடிஆர்" என்று சொல்வார்களே, அதேதான். பழைய பதிவேடுகளைப் புதுப்பித்துப் புதுப் பட்டா கொடுத்தார்கள். அப்போது பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, உட்பிரிவு விட்டுப்போனது என்று ஏகப்பட்ட பிழைகள். இன்றைக்கும் தாலுகா அலுவலகம் போனால் "யுடிஆர் திருத்தம்" என்று மனுவோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். பின்னால் கணினிமயமாக்கியபோது அந்தப் பதிவேட்டைத்தான் தட்டச்சு செய்தார்கள். பிழையோடு ஏற்றினால் பிழையோடுதான் இருக்கும். என்ன ஒன்று, அச்சில் அழகாக வரும்போது அது பிழை என்று நம்பவே மனது வருவதில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். "எங்கிருந்தும் எந்நேரமும்" இணைய சேவை வந்த பிறகு பட்டா நகலுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. பட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் வீட்டிலிருந்தே எடுக்கலாம். பத்திரப்பதிவுத் துறையில் 2000ல் ஸ்டார் திட்டமும் 2018ல் ஸ்டார் 2.0ம் வந்தன. வில்லங்கச் சான்றை இப்போது போனிலேயே பார்க்கலாம். பக்கத்துக் கர்நாடகத்தில் இதே காலத்தில் வந்த பூமி திட்டம் உலகமே பேசிய ஒன்று. இதையெல்லாம் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பட்டாவுக்காக அப்பா எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு அலைந்தார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் வில்லங்கச் சான்றில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இணையத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிறகான பதிவுகள்தான் கிடைக்கும். எங்கள் பாகப்பத்திரமோ 1964. இணையத்தில் தேடுகிறவருக்கு அது பிறக்கவே இல்லை. அசல் பத்திரம் பெரிய அப்பாரு வீட்டில் இருந்தது. கரையான் முந்திக்கொண்டது.

எங்களிடம் இருந்தது வேறொன்று. 2004ல் இதே தடம் குறித்துப் பங்காளிகளுக்குள் ஒரு சண்டை. ஒரு அலுவலகத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, தடம் பொதுவானது என்று முடிவு செய்து, அதைக் கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறார்கள். அப்பா விவரமாக அதை ஒரு சிடியில் வாங்கி வந்து பீரோவில் வைத்திருந்தார். "பேப்பர்னா கரையான் தின்னுரும்டா, சிடின்னா காலத்துக்கும் இருக்கும்" என்று அன்றைக்கு யாரோ சொன்னார்களாம்.

ஆக எங்களுக்கு இரண்டு தடயங்கள். ஒன்று, 1964ம் வருடத்துக் கையெழுத்துப் பதிவு (எங்கேயோ இருக்கிறது). இரண்டு, 2004ம் வருடத்துக் கம்ப்யூட்டர் பதிவு (கையிலேயே இருக்கிறது). எது முதலில் உதவியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

சிடியை எடுத்தேன். என் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. வகுப்பில் யாரிடமும் இல்லை. காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பழைய டிரைவ் வைத்திருந்தார்கள். இரண்டு முறை திணறிவிட்டுப் படித்தது. கோப்பைத் திறந்தால்... ஆங்கில எழுத்தும், மேலே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்தும், டாலர் குறியும் கலந்த ஒரு கூட்டாஞ்சோறு. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

இது ஏன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் இஷ்டத்துக்கு உட்காரவைத்தது. அந்த எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தினார்கள். ஆனாலும் அலுவலகங்களில் பழக்கப்பட்ட எழுத்துருக்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 குறியீட்டையும் தரமாக அறிவித்து ஆணை போட்டது 2010 ஜூனில். எங்கே எப்போது தெரியுமா? நம்ம கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததே, அந்த நேரத்தில்தான். கொடிசியாவுக்குப் போன கூட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும், இந்த ஆணை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? என்னைக் கேட்டால் அந்த மாநாட்டின் பெரிய பலன்களில் இது ஒன்று.

1991க்கும் 2010க்கும் நடுவில் பத்தொன்பது வருடம். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு அலுவலகங்களில் தமிழில் அடித்த கடிதம், ஆணை, நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் என்ன எழுத்துருவில் இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, இன்றைக்குத் திறந்தால் தெரியுமா? எங்கள் சிடி மாதிரி எத்தனை சிடி எத்தனை பீரோவில் கிடக்கிறதோ!

நல்லவேளை, தன்னார்வலர்கள் செய்துவைத்த எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. ஒன்று ஒன்றாகப் போட்டுப் பார்த்ததில் மூன்றாவதில் தமிழ் வந்தது. கொம்பு எல்லாம் இடம் மாறி (பழைய எழுத்துருக்களில் கொம்பை எழுத்துக்கு முன்னால் அடிப்பார்கள், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வரும்) கொஞ்சம் கோணல்மாணலாக, ஆனால் படிக்கும்படி. "தடம் பொதுவானது" என்ற வரி வந்ததும் நான் கத்தியதில் பக்கத்து அறைப் பையன் ஓடிவந்துவிட்டான்.

சந்தோஷம் அரை நாள்கூட நீடிக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒரே பார்வையில் கேட்டார்: "இதுல கையெழுத்து எங்கே? இது அன்னைக்கு அடிச்சதுதான், நேத்து அடிக்கலைன்னு எப்படிச் சொல்வீங்க?" சிடியில் பதியும்போது கோப்பின் தேதி மாறியிருக்கிறது. யார் அடித்தது, யார் ஒப்புதல் கொடுத்தது என்று எதுவும் இல்லை. எழுத்தை மீட்டுவிட்டேன். ஆவணத்தை மீட்க முடியவில்லை. இரண்டும் ஒன்று இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

2000ம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. மின்னணு ஆவணத்தைப் பாதுகாப்பது என்றால் அது பின்னாளில் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும், உருவான வடிவத்திலோ மாறாமல் காட்டக்கூடிய வடிவத்திலோ இருக்க வேண்டும், எங்கிருந்து வந்தது எப்போது வந்தது என்ற விவரமும் கூடவே இருக்க வேண்டும். எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். 1993ம் வருடப் பொது ஆவணங்கள் சட்டத்திலும் கணினியில் உருவாகும் எதுவும் ஆவணமே என்று விளக்கம் இருக்கிறது. ஆனால் அது மத்திய அரசு, யூனியன் பிரதேச அலுவலகங்களுக்குத்தான். நம் தாலுகா அலுவலகத்துக்கு வராது.

கோப்பில் ந.க. எண் இருந்தது. அதை வைத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். பதில் வந்தது: "மூ.மு." கோப்பு, காலம் முடிந்து அழிக்கப்பட்டது.

மூ.மு. என்றால் மூன்றாண்டு முடிவு. நம் ஊர் அலுவலகங்களில் ஒரு கோப்பை முடிக்கும்போது அதற்கு ஆயுள் எழுதிவிடுவார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். எங்கள் கோப்புக்கு மூன்றாண்டு ஆயுள் எழுதியது எங்களுக்கு வருத்தம்தான். ஆனால் யோசித்தால் இந்த முறை எவ்வளவு புத்திசாலித்தனமானது! எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒரு மனிதர் முடிவு செய்து கையெழுத்துப் போடுகிறார். அழித்தாலும் அழித்தோம் என்று எழுதிவைக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கோப்புக்கு யார் ஆயுள் எழுதுவது? எழுதாவிட்டால் எல்லாம் காலத்துக்கும் கிடக்கும், அல்லது டிஸ்க் போகிற அன்றைக்கு எல்லாம் ஒன்றாகப் போகும்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது பேப்பர். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுப் பழைய அட்டவணையில் தேடச் சொன்னோம். 1908ம் வருடப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்களை "1 புத்தகம்" என்ற பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 1964ல் ஒரு எழுத்தர் மை பேனாவில் எங்கள் பாகப்பத்திரத்தை முழுக்க அதில் எடுத்து எழுதியிருக்கிறார். எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை. தடம் எத்தனை அடி அகலம் என்பதுகூட இருந்தது. சான்றிட்ட நகலைப் பார்த்ததும் திருப்பூர்க்காரர், "இதை மொதல்லயே காட்டியிருந்தா நான் வேலியே போட்டிருக்க மாட்டனுங்களே" என்றார். அடுத்த வாரம் தடத்துக்கு இடம் விட்டு வேலியைத் தள்ளிப் போட்டார்.

"அப்ப பேப்பரே நல்லது, கம்ப்யூட்டர் வேண்டாம்கிறியா?" என்று கேட்காதீர்கள். பேப்பருக்கும் கண்டம் உண்டு. கோவை ஜில்லா உருவானது 1804ல். 1910ல் கரூர் திருச்சிக்குப் போனது. 1956ல் கொள்ளேகால் மைசூருக்குப் போனது. 1979ல் ஈரோடு தனியானது. 2009ல் திருப்பூர் மாவட்டம் வந்தது. தாராபுரத்துக்காரர் ஒருவர் வீடு மாறாமலே கோவை, ஈரோடு, திருப்பூர் என்று மூன்று மாவட்டத்தில் வாழ்ந்திருப்பார். ஒவ்வொரு முறையும் பதிவேடுகள் மூட்டை கட்டி வண்டியேறின. வழியில் எத்தனை பக்கம் உதிர்ந்ததோ? கணினியில் ஒழுங்காக இருந்திருந்தால் இந்தப் பிரிவினையில் ஒரு பக்கம்கூடத் தொலையாது. ஒழுங்காக என்பதுதான் விஷயம்.

ஒழுங்கு இல்லாவிட்டால் பணக்கார நாட்டுக்கும் இதே கதிதான். 2025 செப்டம்பர் 26ல் தென்கொரியாவின் டேஜான் நகரத்தில் அரசுத் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைப் போட்டுவைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் முழுக்க எரிந்தது. 858 டெராபைட். வெளியே நகல் இல்லை. ஏன் இல்லை என்றால், அளவு ரொம்பப் பெரிது என்று சொன்னார்கள்! எஸ்டோனியா என்ற குட்டி நாடு இதற்கு நேர்மாறு. தன் முக்கியப் பதிவேடுகளின் நகலை லக்சம்பர்க்கில் "தரவுத் தூதரகம்" என்று வைத்திருக்கிறது. 2017ல் அதற்காக இரண்டு நாடும் ஒப்பந்தமே போட்டன.

இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்லை. பெரியபுராணத்தில் சுந்தரர் கதை தெரியும்தானே? கிழவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்துப் போடுகிறார். அது படியோலைதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். அங்கே போனதும் சபையார் என்ன செய்கிறார்கள்? சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் சொல்லிக் கையெழுத்தை ஒப்பிடுகிறார்கள். நகல் வேறு, மூலம் வேறு ஊரில், உண்மையா என்று சோதிக்க மூன்றாவதாக ஒன்று. எங்கள் சிடிக்கு இல்லாதது இந்த மூன்றும்தான்.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

ஒன்று: 2010க்கு முந்தைய தமிழ்க் கோப்புகளைத் தேடி எடுத்து யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றியதோடு மூலக் கோப்பையும் அந்த எழுத்துருவையும் சேர்த்தே வைக்க வேண்டும். அந்தக் கோப்புகளை அடித்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். "இது எந்த எழுத்துரு?" என்று கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

இரண்டு: பதிவேட்டைத் தட்டச்சு செய்தால் மட்டும் போதாது, பக்கத்தையே ஸ்கேன் செய்து அந்த வரியோடு இணைக்க வேண்டும். ஓரத்தில் பேனாவில் எழுதிய குறிப்பு எந்தப் பத்திக்குள்ளும் அடங்காது.

மூன்று: இ-ஆபீசில் கோப்பை முடிக்கும் அன்றைக்கே மூ.மு.வா ப.மு.வா நி.மு.வா என்று முடிவு செய்ய வேண்டும். நிரந்தரக் கோப்பு என்றால் பிடிஎப்-ஏ மாதிரி நெடுங்காலத்துக்கென்றே தரப்படுத்திய வடிவத்துக்கு மாற வேண்டும். புனே சிடாக் நிறுவனம் நம் நாட்டுக்கென்றே மின்னணு ஆவணப் பாதுகாப்புக்கான தரம் ஒன்றைத் தயாரித்திருக்கிறது. அது தாலுகா வரைக்கும் வர வேண்டும்.

நான்கு: பட்டாவில் பெயர் மாறினால் பழைய பெயர் மறையக்கூடாது. யார், எந்த உத்தரவில், எப்போது மாற்றினார் என்ற வரலாறு பட்டாதாரருக்கே தெரிய வேண்டும். பழைய பேனாத் திருத்தத்தில் அடித்த பெயராவது தெரிந்தது.

ஐந்து: இதற்கென்று படித்த ஒரு ஆள் வேண்டும். சர்வர் வாங்கப் பணம் ஒதுக்குவார்கள், பதிவறை எழுத்தர் இடம் காலியாகவே கிடக்கும். எங்களுக்கு அந்தப் பக்கத்தைத் தேடிக் கொடுத்தவர் ஒரு மனிதர். பெயர்ப் பட்டியலில் ஒரே பெயரில் ஏழு பேர் இருந்தபோது ஊரையும் அப்பன் பெயரையும் வைத்துக் கண்டுபிடித்தது அவர் அனுபவம்.

ஆறாவதாக ஒன்று நமக்கு. இந்த லீவில் ஊருக்குப் போகும்போது வீட்டு மூலப்பத்திரத்தை எடுத்து ஒருமுறை முழுக்கப் படியுங்கள். 1975க்கு முந்தையது என்றால் பத்திர எண்ணையும் வருடத்தையும் தனியாக எழுதிவையுங்கள், சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி இன்னொரு வீட்டில் வையுங்கள். இணையத்தில் வரும் பட்டாவில் பரப்பு சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தடம், வாய்க்கால், கிணற்றுப் பங்கு பற்றி அப்பாரு, அமுச்சி யாருக்காவது தெரியும் என்றால், அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு எந்த சர்வரிலும் இல்லை, அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.